8.5 சதவீதத்தில் போட்ட கணக்கு: ஒரு வெள்ளவத்தைக் குடும்பமும் இணையக் கணிப்பான்களும்

வெள்ளவத்தையில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தின் வீட்டுக் கடன் விவகாரம் இது. அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர், வங்கி, கட்டடம் எதையும் சொல்லவில்லை. சம்பளத்தையும் கடன் தொகையையும் முழு எண்களாக்கியிருக்கிறேன். தவணைகள் அந்த எண்களுக்குக் கணிப்பான் தருபவைதான். நம்பிக்கையில்லாதவர்கள் தாங்களே போட்டுப் பார்க்கலாம்.

கணவர் கோட்டைப் பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. சம்பளம் 165,000 ரூபா. மனைவி தனியார் பாடசாலை ஆசிரியை, சம்பளம் 65,000. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் கழித்தால் இரண்டு பேர் கைக்கும் வருவது 211,600. பின்னேரங்களில் மனைவி ஓ/எல் பிள்ளைகளுக்குக் கணிதம் ரியூசன் கொடுக்கிறார். அந்தக் காசை அவர்கள் வருமானத்தில் சேர்க்கவில்லை. அவர்கள் போட்ட கணக்குகளிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். இரண்டு பிள்ளைகள். கணவரின் அம்மாவும் கூட இருக்கிறார். வாடகை 60,000. 2021 தொடக்கத்தில் வீட்டுக்காரர் 70,000 கேட்கத் தொடங்கினார்.

அதே நேரத்தில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில் ஒரு ஃபிளாட் விலைக்கு வந்தது. மூன்றாம் மாடி, பழைய கட்டடம், விலை 2 கோடி. சேமிப்பும் மனைவியின் சீதனக் காசுமாகக் கையில் 80 இலட்சம் இருந்தது. மிச்சம் 120 இலட்சம் கடன்.

மூன்று பக்கங்களும் "வாங்கு" என்றன

கணவர் கணக்குப் பிரிவு ஆள். பேப்பரில் கூட்டிக் கழித்து முடிவெடுக்கிற வழக்கம் இல்லை. மடிக்கணினியில் மூன்று கணிப்பான்களைத் திறந்து வைத்தார். ஒன்று ஓர் இந்திய வங்கியின் வீட்டுக் கடன் பக்கம். தொகை, வட்டி, காலம் என்று மூன்று சறுக்குப் பட்டைகள். 120 இலட்சம், 8.5 சதவீதம், 20 வருடம். தவணை 104,139 என்று வந்தது. இன்னொன்று அமெரிக்கர்களுக்கான "வாங்கவா, வாடகைக்கு இருக்கவா" வகை. அதில் ஆதன வரி, வீட்டுக் கடன் வட்டிக்கான வருமான வரிச் சலுகை, வருடா வருடம் வீட்டு விலை ஏறும் வேகம் எல்லாம் முன்கூட்டியே நிரப்பியிருந்தன. எல்லாம் அந்த நாட்டு எண்கள். அவர் வாடகையையும் விலையையும் மட்டும் மாற்றினார். மூன்றாவது, வயதைக் கொடுத்தால் எவ்வளவு கடன் தாங்கும் என்று சொல்வது. அது கையில் வரும் சம்பளத்தில் பாதி வரை போகலாம் என்றது. 104,139 அந்தப் பாதிக்குச் சற்றுக் குறைவு. எல்லாம் பொருந்திவிட்டது.

எந்தக் கணிப்பானும் பிழையாகக் கணக்குப் போடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 120 இலட்சத்துக்கு 20 வருடத்துக்கு 8.5இல் தவணை 104,139தான். அந்த 8.5 எத்தனை நாளைக்கு என்று கேட்கிற பெட்டி மட்டும் அங்கே இல்லை.

வங்கியின் கடன் கடிதத்தில் அது இருந்தது. முதல் வருடம் 8.5. அதற்குப் பிறகு ஏ.டபிள்யூ.பி.ஆர் கூட்டல் 2, ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்தம். ஏ.டபிள்யூ.பி.ஆர் என்பது வங்கிகள் தங்கள் நல்ல வாடிக்கையாளர்களுக்குக் கடன் கொடுக்கும் வட்டிகளின் சராசரி. மத்திய வங்கி வாராவாரம் வெளியிடுகிறது. 2021 தொடக்கத்தில் அது 6 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. அன்றைய நிலவரப்படி 6 கூட்டல் 2 என்றால் 8. "ஒரு வருடம் கழித்து இன்னும் குறையும் போலிருக்கே" என்று கணவர் சந்தோஷப்பட்டாராம்.

வெளியே நின்ற செலவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உறுதி எழுத முத்திரைத் தீர்வை முதல் ஓர் இலட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். 2 கோடிக்கு அது 799,000 ரூபா. சட்டத்தரணிக்கு வேறு. கட்டடத்துக்கு மாதாமாதம் மெயின்டனன்ஸ். கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கிற கட்டடத்தில் கிரில்லும் ஏசியும் எத்தனை வருடம் தாங்கும் என்று வெள்ளவத்தைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. இதெல்லாம் சேர்ந்து கைச்சேமிப்பைத் துடைத்துவிட்டது. கடன் தொடங்கியபோது ஆபத்துக்கென்று ஒதுக்கிய காசு ஒரு மாதத் தவணைக்குக் கூடக் காணாது.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி

இந்த வட்டிக்குத் தவணை எவ்வளவு என்று கேட்பதை விட, எந்த வட்டியில் நாங்கள் முறிவோம் என்று கேட்பது பிரயோசனமானது. அதே கணிப்பான்தான், திருப்பிப் பிடித்தால் போதும்.

2024இல் என்னிடம் வந்தபோது இதைத்தான் முதலில் செய்தோம், 2021 ஏப்ரல் நிலைமைக்கே. சாப்பாடு, பாடசாலைக் கட்டணம், வான், அம்மாவின் மருந்து, தண்ணீர், கரண்ட் எல்லாம் போக மாதம் எவ்வளவு கட்ட முடிந்திருக்கும்? மனைவி யோசிக்காமல் சொன்னார்: "ஒண்டு முப்பது அண்ணா. அதுக்கு மேல போனா ரியூசன் காசில கைவைக்க வேணும்." 120 இலட்சத்துக்கு 20 வருடத்தில் தவணை 130,000ஐத் தொடும் வட்டி 12 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. 12 என்றால் 132,130.

அதாவது ஏ.டபிள்யூ.பி.ஆர் 10ஐத் தொட்டால் இந்தக் குடும்பம் விளிம்புக்கு வந்துவிடும். 10 என்பது நடக்காத ஒன்றா? 2018 முடிவில் அது 12ஐ ஒட்டி இருந்தது. கடன் எடுத்த நாளிலிருந்து மூன்று வருடம் கூடப் பின்னால் போகத் தேவையில்லை. அன்றைய 12ஐயும் வங்கியின் 2ஐயும் சேர்த்து 14 என்று போட்டால் தவணை 149,222. ஆகவே "2022 நெருக்கடியை யார்தான் எதிர்பார்த்தது?" என்ற வழக்கமான சமாதானம் இங்கே செல்லாது. நெருக்கடியே வராமல், நாடு 2018இல் இருந்த சாதாரண நிலைக்குத் திரும்பியிருந்தாலே இந்தக் கடன் இடித்திருக்கும்.

2021இல் வட்டி மலிவாக இருந்தது உண்மை. மலிவான வட்டியில் மாறும் கடன் எடுப்பவருக்கு, அந்த வட்டி போகக்கூடிய திசை பெரும்பாலும் ஒன்றுதான்.

பதினைந்தில் நின்ற பட்டை

2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அந்த மாதம் இவர்களின் முதல் திருத்தம். முந்திய காலாண்டின் சராசரியை வைத்துக் கணக்கிட்டதால் அடி முழுதாக விழவில்லை. புது வட்டி 12, தவணை 131,182. சொன்ன எல்லையில் வந்து நின்றது.

ஒக்டோபர் திருத்தத்துக்கு முன்னரே வங்கியிலிருந்து கடிதம் வந்தது. 25 சதவீதம். அன்றிரவு மனைவி அதே இந்தியப் பக்கத்தைத் திறந்து வட்டிப் பட்டையை வலப்பக்கம் இழுத்தார்.

"இஞ்சேருங்கோ, இது பதினைஞ்சுக்கு மேல போகுதில்லை."

"இழுக்காதையும். பெட்டிக்குள்ள கையால அடிச்சுப் பாரும்."

அடித்தார். எழுத்து ஒரு கணம் சிவப்பானது, பிறகு பெட்டி தானாகவே 15க்குத் திரும்பியது. அந்தப் பக்கத்தைச் செய்தவர்கள் வீட்டுக் கடன் வட்டி அதற்கு மேல் போகும் என்று நினைத்தே இருக்கவில்லை. அவர்கள் நாட்டுக்கு அது நியாயமான நினைப்புத்தான். கடைசியில் கணவர் எக்செலில் போட்டார்: மீதிக் கடன் 11,677,686, மீதி 222 மாதம், தவணை 245,812. அதில் வட்டி மட்டும் 243,285. மாதம் இரண்டரை இலட்சத்துக்குக் கிட்டக் கட்டினால் கடன் தொகையில் குறைவது 2,527 ரூபா.

கணிப்பான்களிடம் உள்ள இன்னொரு குறை இந்த மாதங்களில்தான் தெரிந்தது. வட்டிக்கு ஒரு பெட்டி, பணவீக்கத்துக்கு ஒரு பெட்டி, சம்பளத்துக்கு ஒரு பெட்டி என்று அவை தனித்தனியாகக் கேட்கின்றன. ஒன்றை மாற்றினால் மற்றவை அப்படியே நிற்கும். கொழும்பில் 2022இல் எதுவும் தனியாக நகரவில்லை. வட்டி ஏறியதற்கான காரணமும் சாமான் விலை ஏறியதற்கான காரணமும் ஒன்றுதான். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் செப்டெம்பரில் 69.8 சதவீதம். மின்வெட்டு நேரத்தில் லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டருக்கும் ஜெனரேட்டர் ஓட வேண்டும். 2021 டிசெம்பரில் லீட்டர் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 ஜூன் கடைசியில் 460. மெயின்டனன்ஸ் பில் அதோடு சேர்ந்து ஏறியது. 2023 ஜனவரியில் வருமான வரி விலக்கு வருடத்துக்கு 30 இலட்சத்திலிருந்து 12 இலட்சமாக இறங்க, அதுவரை வரியே கட்டாத கணவரின் சம்பளத்தில் மாதம் 5,300 போனது. சம்பளப் பெட்டியில் இருந்த எண் ஏறவேயில்லை, கைக்கு வந்தது குறைந்தது.

ஒரேயொரு விஷயம் எதிர்ப்பக்கமாக நகர்ந்தது. கணவரின் அண்ணன் ஸ்காபரோவில் இருக்கிறார். மாதம் 400 டொலர் அனுப்புகிறேன் என்றார். 2021 ஏப்ரலில் கனேடிய டொலர் 160 ரூபாவை ஒட்டி இருந்தது, அப்போது அது 64,000 ரூபாதான். 2022 பிற்பகுதியில் டொலர் 270ஐ ஒட்டிப் போனதால் 108,000 ஆனது. இவர்கள் 138,000 போட்டார்கள். இரண்டும் சேர்ந்து தவணைக்குச் சரியாக வந்தது. ரூபாவை விழுத்திய அதே சுழல்தான் அண்ணனின் 400 டொலரையும் பெருக்கியது. வெளிநாட்டில் ஓர் உறவு இருப்பது வெள்ளவத்தையில் எத்தனையோ குடும்பங்களுக்கு எழுதப்படாத காப்புறுதி. வெளியே யாரும் இல்லாத குடும்பத்துக்கு இதே கடன் 2022 ஒக்டோபரில் முடிந்திருக்கும்.

வட்டி 2023 ஏப்ரலில் 24, ஒக்டோபரில் 16.5, 2024 ஏப்ரலில் 12 என்று இறங்கியது. அண்ணனின் காசு ஒரு வருடத்தோடு நின்றது. 2023 ஒக்டோபருக்குப் பிறகு ரியூசன் காசில் கைவைத்து 169,706 கட்டினார்கள். மூன்று வருடம் முடிந்தபோது கட்டியது மொத்தம் 59 இலட்சத்து 49 ஆயிரம். கடனில் குறைந்தது 4 இலட்சத்து 19 ஆயிரம். 2021இல் அச்சடித்து ஃபைலில் வைத்திருந்த அட்டவணைப்படி 37 இலட்சத்து 49 ஆயிரம் கட்டியிருக்க வேண்டும், கடன் 112 இலட்சமாக இறங்கியிருக்க வேண்டும். அது 115 இலட்சத்து 81 ஆயிரத்தில் நின்றது.

அம்மாவின் நிலையான வைப்பு

அம்மாவிடம் 30 இலட்சம் இருந்தது. அவர் செலவுக்குக் காலஞ்சென்ற கணவரின் அரச ஓய்வூதியம் போதும். 2023 ஏப்ரலில் ஒரு வருட வைப்புக்கு 19 சதவீதம் கிடைத்தது. பேத்தி வைப்புக் கணிப்பானில் 5 வருடம் என்று போட்டுக் காட்டினாள்: 71 இலட்சத்து 59 ஆயிரம். அம்மம்மாக்கள் இதற்கெல்லாம் மயங்க மாட்டார்கள் என்பார்கள். இந்த அப்பம்மா மயங்கினார். ஒரு வருட வட்டியை ஐந்து வருடத்துக்கு நீட்டியது கணிப்பான். எந்த வங்கியும் அப்படி எழுதித் தரவில்லை. 2024இல் புதுப்பிக்கும்போது கிடைத்தது 8.5.

மருமகன் முறையான ஒருவர் வேறு பக்கம் பயமுறுத்தினார். பணவீக்கம் 35.3, வட்டி 19, வருடத்துக்கு 12 சதவீதம் நட்டம், உடனே செட்டியார் தெருவுக்குப் போய் நகை வாங்குங்கோ என்றார். அவரும் ஒரு கணிப்பானைத்தான் காட்டினார். 35.3 என்பது 2023 ஏப்ரலில் வெளியான எண், அதற்கு முந்திய பன்னிரண்டு மாதத்தில் விலை ஏறிய அளவு. வைப்பு இருக்கப்போவது அடுத்த பன்னிரண்டு மாதம். அந்தப் பன்னிரண்டு மாதத்துக்கான பணவீக்கம், 2024 ஏப்ரல் கணக்குப்படி, 1.5. 5 சதவீத வரி போக 541,500 ரூபா வட்டி வந்தது. விலையேற்றம் போக மிஞ்சுவதைப் பார்த்தால், அண்மைக்காலத்தில் கொழும்பில் யாருக்கும் கிடைத்த மிக நல்ல வருமானங்களில் அது ஒன்று. முதலில் பெருக்கிக் காட்டியது பேத்தியின் திரை, பிறகு கழித்துக் காட்டியது மருமகனின் திரை, இரண்டும் நேற்றைய எண்ணை நாளைய பெட்டியில் போட்டவை.

கணிப்பான்களுக்கு எதிராக நான் கொடி பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மனைவியின் தம்பி ஒரு லீசிங் இடத்தில் 10 இலட்சத்துக்கு "12 சதவீதம்தான் அக்கா" என்று கேட்டு வந்தார். 4 வருடம், மாதம் 30,833. அந்த 12 தொடக்கத் தொகை முழுவதற்கும் கடைசி மாதம் வரை ஓடும் வட்டி. தவணையைக் கொடுத்து வட்டியைக் கண்டுபிடிக்கும் கணிப்பானில் போட்டால் குறையும் மீதிக்கு அது 21ஐ ஒட்டி வரும். ஒரு நிமிட வேலை. இந்த மாதிரி இடங்களில் எல்லா எண்ணும் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. கணிப்பானின் சொந்த ஊர் இதுதான்.

2024 ஏப்ரல்

என்னிடம் வந்த கேள்வி இது: அம்மாவின் முதிர்ந்த 35 இலட்சத்து 41 ஆயிரத்தில் 20 இலட்சத்தைக் கடனுக்குக் கட்டினால் என்ன?

முதலில் முறியும் வட்டியைப் பார்த்தோம். விலைவாசி ஏறியதில் பிறகு கிடைத்த சம்பள உயர்வும் கரைந்துவிட்டதால் எல்லை அதே 130,000. கட்டாவிட்டால், மீதி 204 மாதத்தில் முறியும் வட்டி 11.6. நடப்பு வட்டியோ 12. அதாவது ஏற்கெனவே முறிந்த நிலையில்தான் இருந்தார்கள். 20 இலட்சம் கட்டினால் அது 15க்குப் போகும். தவணை 133,324இலிருந்து 110,299க்கு இறங்கும், மாதம் 23,025 மிச்சம். அந்த 20 இலட்சம் வங்கியில் 8.5இல் கிடந்தால் வரி போக அம்மாவுக்கு மாதம் 13,458 வரும். அதை மகன் அம்மாவுக்குக் கொடுத்தாலும் ஒன்பதாயிரத்துக்கு மேல் குடும்பத்துக்குள் நிற்கும். கணக்கு இவ்வளவுதான்.

அம்மாவின் பதில் வேறு இடத்திலிருந்து வந்தது. "தம்பி, காசு பாங்கில என்ர பேரில கிடந்தா நீயும் தங்கச்சியும் என்னோட ஒரே மாதிரிக் கதைப்பியள். வீட்டுக்குள்ள போட்டா அது உன்ர வீடு." தங்கச்சி திருகோணமலையில் இருக்கிறார். அவருக்கும் இந்தக் காசில் பங்கு உண்டு என்பதை அதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அன்றைய மீதிப் பின்னேரம் முழுக்க இதிலேயே போனது, சரியாகத்தான் போனது. முடிவில் அம்மா மகனுக்கு 20 இலட்சம் கடன் கொடுத்ததாக எழுத்தில் ஒரு பத்திரம், சட்டத்தரணி முன்னால். அதன் நகல் திருகோணமலைக்குப் போனது. மாதம் 13,500 ரூபா மகனின் கணக்கிலிருந்து அம்மாவின் கணக்குக்கு நிலையான கட்டளையில் போகிறது. மிச்சம் 15 இலட்சத்தை இரண்டு வங்கிகளில் பிரித்துப் போட்டார், ஏனெனில் இலங்கையின் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான்.

ஒரு விஷயத்தில் அவர்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. வங்கி 5 வருடத்துக்கு 13 சதவீத நிலையான வட்டி தர முன்வந்தது. 20 இலட்சம் கட்டிய பிறகு அதற்குத் தவணை 116,757, மாறும் வட்டியை விட மாதம் 6,458 கூட. எடுங்கள் என்றேன். முறியும் வட்டி 15 ஆகிவிட்டதே என்றார் கணவர். 15 என்பது 25 இல்லை. மறுபடி 25 வந்தால் குறைந்த கடனுக்கும் தவணை 2 இலட்சத்தைத் தாண்டும். ஆனாலும் மாறும் வட்டியிலேயே இருந்துவிட்டார்கள். அதன் பிறகு வட்டி இன்னும் இறங்கியது, அவர்களுக்கு இலாபம். நான் இன்னமும் என் கருத்தை மாற்றவில்லை. மாதம் 6,458 ரூபாவை அந்தக் குடும்பம் தாங்கியிருக்கும், இன்னொரு 2022ஐத் தாங்காது.

தீராமல் கிடப்பது அண்ணனின் காசு. பன்னிரண்டு மாதம், 4,800 டொலர். அனுப்பிய நாட்களின் விலையில் கிட்டத்தட்ட 12 இலட்சம் ரூபா. 2024 ஏப்ரலில் டொலர் 220 பக்கம் இறங்கியிருந்ததால் டொலராகவே திருப்பினால் பத்தரை இலட்சம் போதும். கணவர் டொலர் கணக்கு என்கிறார். "அண்ணா தந்தது எங்கட தவணை. தவணை ரூபாவிலதானே இருந்தது" என்கிறார் மனைவி, 12 இலட்சமும் குடுக்க வேணும் என்று. ஸ்காபரோவில் கேட்டால், இப்ப அவசரமில்லை, முதல்ல பிள்ளையின்ர ஏ/எல் முடியட்டும் என்கிறார்களாம்.